கண்ணாடி பார்

சித்தப்பா அந்த ஒரு கிளாஸைக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. உள்ளே இருந்தது அறுபது மில்லி பிராந்தி. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கிளாஸ் அவர் கைக்கு வந்தபோது ஏழே கால். காலி கிளாஸைக் கவுன்டர் மேல் அவர் வைத்தபோது எட்டு இருபத்தைந்து. போன மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் நடந்தது இது. அதற்குப் பிறகு இந்த ஒரு மணி பத்து நிமிடம் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஏனென்றால் நாற்பது வருடத்துக்கு மேலாகக் குடிக்கும் இந்த மனிதர் ஒரு குவாட்டரைத் தீர்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். எட்டு நிமிடம். சில நாள் அதுவும் இல்லை.

அந்த எட்டு நிமிடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் வேலை முடித்து வரும் வழியில், ஒயின் ஷாப்பை ஒட்டி ஒரு பார். தகரக் கூரை. தரை எந்நேரமும் ஈரம். அது தண்ணீரா, கொட்டின சரக்கா, யாராவது எடுத்த வாந்தியா என்று ஆராயாமல் கால் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு, பாதிக்குக் கால் இருக்காது. அதனால் பாதிப் பேர் நின்றபடியே குடிப்பார்கள். சித்தப்பாவும் நிற்கிறவர்தான். மூடியைத் திருகி, பாதியை பிளாஸ்டிக் கிளாஸில் ஊற்றி, தண்ணி பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து அதில் பீய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. முகம் ஒரு பக்கமாகக் கோணும். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பார். பிறகு மீதிப் பாதி. மறுபடி ஊறுகாய். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். உள்ளே யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, "போய் உங்க சித்தப்பாவ இட்டுனு வா" என்று சித்தி அனுப்பிய நாள்களில், வாசலில் நின்று இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மருந்து குடிக்கிற குழந்தையின் முகம்தான் அவருக்கு இருக்கும்.

எங்கள் நைனாவும் அப்படித்தான் குடித்தார். வயிற்றில் தண்ணீர் கோத்து, கண் மஞ்சளாகி, நாற்பத்தாறாவது வயதில் போய்ச் சேர்ந்தார். அதனால் முப்பது வயது வரைக்கும் நான் இதைத் தொட்டதில்லை. இப்போதும் ஆபீஸில் யாராவது பிரிந்து போகும்போது, யாருக்காவது பதவி உயர்வு வரும்போது, ஒரு கிளாஸ். அவ்வளவுதான். அப்படி ஒரு விருந்துக்குத்தான் அண்ணா சாலையில் உள்ள ஒரு ஓட்டலின் காக்டெயில் பாருக்கு முதல் தடவை போனேன். விளக்கும் பாட்டும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அங்கே யாருக்கும் அவசரம் இல்லை, அதுதான் கண்ணில் பட்டது. ஒரு மேசையில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவும் அவர் மகளும் உட்கார்ந்து, ஆளுக்கொரு கிளாஸை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு வீடு திரும்பும்போது எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்: காசு இருக்கிறவன் ருசிக்குக் குடிக்கிறான், மெதுவாகக் குடிக்கிறான். உடம்பு வலிக்க உழைக்கிறவன் வலி போகக் குடிக்கிறான், மடமடவென்று குடிக்கிறான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதும் இதைத்தான். சித்தியும் இதைத்தான் சொல்லுவார். இந்தத் தீர்ப்பில் ஏதோ ஒரு பொய் இருக்கிறது என்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எது என்று பிடிபடவில்லை.

ஷூ

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் லாஞ்சு என்கிற விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. லாஞ்சு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? பத்து நாள் தங்கி மீன் பிடித்து வருகிற லாஞ்சுகளின் அடிவயிற்றை ஐஸ் பாரை அரைத்து நிரப்புவதுதான் சித்தப்பாவின் வேலை. பதினேழு வயதில் கொக்கியைக் கையில் பிடித்தவர். இப்போது அறுபத்திரண்டு. தடைக்காலத்தில் ஃபைபர் போட்டுகளுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற கொஞ்சம் ஐஸ்தான். கம்பெனியில் பாதித் தொட்டி காலியாகக் கிடக்கும். சித்தப்பா மதியமே வந்து திண்ணையில் குந்திவிடுவார். அப்படிக் குந்தியிருந்த ஒரு நாள்தான் கேட்டேன், "சித்தப்பா, என்கூட ஒரு எடத்துக்கு வரியா? நல்ல எடம். ஒரே ஒரு கிளாஸ்."

"எனுக்கு இன்னாத்துக்குடா அதெல்லாம்" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே, "அந்த எடத்துக்கு லுங்கில வுடுவானா?" என்றார்.

விட மாட்டார்கள். பேன்ட் வேண்டும், ஆண்களுக்கு மூடின ஷூ வேண்டும். பேன்ட் கல்யாணத்துக்குப் போடுவது ஒன்று இருந்தது. ஷூதான் சிக்கல். என் தம்பியின் ஷூவைப் போட்டுப் பார்த்தோம். உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் நாற்பத்தைந்து வருடம் நின்ற கால் அது. விரல்கள் பரந்து, சுண்டுவிரல் நகம் போய், பாளம் பாளமாக வெடித்த குதிகால். எந்த ஷூவுக்குள்ளும் அது அடங்க மறுத்தது. கடைசியில் மிண்ட் பக்கம் ஒரு கடையில் ஒரு அளவு பெரிதாக, மெத்தென்ற கறுப்பு ஷூ ஒன்று வாங்கினேன். தண்டையார்பேட்டை மெட்ரோ வரை அவர் நடந்த நடையைப் பார்த்து, இந்த ஆளை இப்படிக் கஷ்டப்படுத்தி எங்கே கூட்டிப் போகிறோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. ரயிலில் ஒரு நிறுத்தம் கூடப் பேசவில்லை. மண்ணடி தாண்டினதும், "அங்க நம்மள ஏதாவது சொன்னான்னா நான் எழுந்து வந்துருவேன்" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். எனக்கே நிச்சயம் இல்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றவர் கதவைத் திறந்து "வெல்கம் சார்" என்றார். சித்தப்பா பதிலுக்கு அவரைக் கும்பிட்டார்.

ஐஸ்

மேசையில் உட்காராமல் கவுன்டரில் உட்கார்ந்தோம். உயரமான ஸ்டூல், கால் வைக்கக் கீழே பித்தளைக் கம்பி. எதிரே கறுப்பு ஏப்ரன் கட்டின பார்டெண்டர் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்தான். சித்தப்பா என் பக்கம் திரும்பி, "காசா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முழுசாகக் குடித்தார். அவன் பேசாமல் மறுபடி நிரப்பினான்.

"சார் வழக்கமா என்ன எடுத்துப்பீங்க?"

"பிராந்தி." சித்தப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல்.

"பிராந்திலயே ஒண்ணு பண்றேன் சார். ஸ்வீட் கம்மியா."

அவன் செய்ததை நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் பார்த்தோம். இடுப்பு சிறுத்த ஒரு எவர்சில்வர் அளவுக் குவளை. ஒரு பக்கம் முப்பது, மறுபக்கம் அறுபது. அறுபது பக்கத்தை விளிம்பு வரை நிரப்பி, ஒரு சொட்டு சிந்தாமல் பெரிய கண்ணாடிக் குவளையில் கவிழ்த்தான். கருப்பட்டிப் பாகு ஒரு கரண்டி. சின்ன பாட்டில் ஒன்றிலிருந்து பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு இரண்டு உதறு. 1806-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று ஆசிரியர் பதில் எழுதினாராம். இருநூறு வருடம் கழித்தும் அதே நான்குதான். நான்காவதான தண்ணீர் ஐஸிலிருந்து வருகிறது. நீளக் கரண்டியை விட்டு அவன் கலக்கிக்கொண்டே இருந்தான். ஐஸ் சத்தமே போடவில்லை. பிறகு கனமான குட்டைக் கிளாஸ் ஒன்றை எடுத்து, இடுக்கியால் ஒரே ஒரு ஐஸ் கட்டியை அதில் இறக்கி, மேலே வடிகட்டி ஊற்றினான். கடைசியில் ஆரஞ்சுத் தோலை ஒரு சீவல் சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து ஒரு முறுக்கு. எண்ணெய் தூறலாக விழுந்தது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் வரை மணந்தது.

சித்தப்பா குடிக்கவில்லை. கிளாஸைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஐஸ் உள்ளே இருப்பதே தெரியவில்லை. ஓரங்கள் மட்டும் கோடாகத் தெரிந்தன.

"தம்பி, இது எந்தக் கம்பெனி பாரு?"

"பாரா? இது ஓட்டலோட பார்தான் சார்."

"அது இல்ல தம்பி. இந்த ஐஸு. பாரு எங்க எடுக்கறீங்க?"

அவன் சிரித்துவிட்டான். வெளியில் வாங்குவதில்லை, இங்கேயே செய்கிறோம் என்றான். சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "எப்டி பண்றீங்க?" நாற்பத்தைந்து வருடம் ஐஸோடு கிடந்த ஒரு மனிதர் கேட்கிற கேள்வி அது. குரலில் அந்தத் தாழ்வு போய்விட்டது. பையனும் அதைக் கண்டுகொண்டான் என்று நினைக்கிறேன். ஐஸ் பெட்டியில் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஃப்ரீசரில் வைப்பார்களாம். பெட்டியின் பக்கங்களில் குளிர் ஏறாது, மேலிருந்து மட்டும் உறைந்துகொண்டு வரும். காற்றெல்லாம் அடியில் தள்ளப்பட்டு அங்கே வெள்ளையாக நிற்கும். அந்த அடிப்பாகத்தை ரம்பப் பல் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, மேலே இருக்கும் தெளிந்ததைக் கட்டியாக வெட்டிக்கொள்வார்களாம்.

"அதான்" என்றார் சித்தப்பா. "எங்க கம்பெனில டப்பாவச் சுத்தி நாலு பக்கமும் உப்புத்தண்ணி. நாலு பக்கத்துல இருந்தும் உறைஞ்சிக்கினு வரும். காத்து எங்க போவும்? நடுவுல போய் மாட்டிக்கும். அதான் ஐஸ் பாருக்கு நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு ஓடும். மீனுக்கு அது போதும். மீனுக்கு இன்னா அழகு?" பையன் சிரித்தான். "ஆனா முன்னால, சோடாக் கடைக்கும் கல்யாணத்துக்கும் போற பாரு தனி. டப்பா உள்ள ஒரு காத்துக் குழாய வுடுவோம். தண்ணி அலைஞ்சிக்கினே இருந்தா காத்து அதுல தங்காது. கடைசியா நடுவுல கொஞ்சம் தண்ணி நிக்கும் பாரு, அதுலதான் அழுக்கெல்லாம். அத உறிஞ்சிப் போட்டுட்டு நல்ல தண்ணி ஊத்தணும். அதுக்குப் பேரு கண்ணாடி பாரு. அந்தப் பக்கம் பேப்பர வெச்சா இந்தப் பக்கம் படிக்கலாம். அம்பது கிலோ. வெட்டி எறிய ஒண்ணும் இல்ல."

பையன் உள்ளே போய், ஒரு முழுக் கட்டியைத் துணியில் வைத்து எடுத்து வந்து சித்தப்பாவின் முன்னால் வைத்தான். இதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பா வெறும் கையால் அதைத் தூக்கினார். சிவந்த வெடிப்புகள் ஓடிய அந்தக் கை ஐஸில் கூசவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவினார். "நல்லாப் பண்ணியிருக்கே" என்று அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் முதல் வாய் குடித்தார். ஒரு உறிஞ்சு. முகம் கோணவில்லை. கீழே வைத்தார்.

இந்த ஊரில் மதுவுக்குள் ஐஸ் விழுந்த கதையே எங்கள் கரையைத் தொட்டுத்தான் போகிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் ஏற்றி, மரத்தூளைப் போட்டு மூடி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதில் வைத்து துரைமார்களுக்கு விற்றார்கள். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கை அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். அந்தப் படகுகளைத் தள்ளியவர்கள் எங்கள் கரைக்காரர்கள். அந்த ஐஸும் அவர்கள் கை வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். அதில் ஒரு துண்டாவது அவர்கள் வாய்க்குப் போயிருக்குமா என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன்.

மீஞ்சூர்

தட்டுகள் வந்தன. இரண்டு சின்னத் தட்டு. ஒன்றில் நெத்திலி, மொறுமொறுவென்று, கறிவேப்பிலையோடு. இன்னொன்று கலமாரி என்று மெனுவில் இருந்தது. "கலமாரின்னா இன்னாடா?" என்றார். "கடம்பாதான் சித்தப்பா." ஒரு வளையத்தை எடுத்து மென்று பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டான். கூட வுட்டிருந்தா ரப்பராப் பூடும்." பிறகு நெத்திலி. தலையைக் கிள்ளியிருந்த விதத்தைப் பார்த்து, பழகின கை என்றார். ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு நெத்திலி, ஒரு உறிஞ்சு, கொஞ்சம் தண்ணீர். நடுநடுவே பேச்சு. எனக்குத் தெரிந்து என்னிடம் அவர் அவ்வளவு பேசியதே இல்லை.

கிளாஸில் பாதி இருக்கும்போதுதான் அதைச் சொன்னார். "மீஞ்சூர் பக்கம் இப்டிக் குந்துவோம்டா."

அங்கே ஒரு பனந்தோப்பு. கள்ளுக்கடை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்கள் நான்கைந்து பேர், என் நைனாவும் சேர்ந்து, ரயிலேறிப் போவார்களாம். 1981-ல் கள்ளுக்கடைகளைத் திறந்தார்கள். 1987 தொடக்கத்தில் மூடினார்கள். நடுவில் அந்த ஆறு வருடம்தான் சித்தப்பாவின் பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்து. மரத்தடியில் மண்ணில் உட்காருவார்கள். கலயம் நடுவில். சுட்ட கருவாடு, அவித்த மரவள்ளி. வெயில் தாழும் வரை பேசுவார்கள். நைனா பாடுவாராம். "உங்க நைனா நல்லாப் பாடுவான். உனுக்குத் தெரியாது. அப்பால ஒயின் ஷாப்ல நின்னுக்கினு எங்க பாடறது?"

எனக்குத் தெரியாது. என் நைனா பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்த நைனா கதவைத் தட்டாமல் வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர். பாட்டு வேண்டாம், பேசிக்கூடக் கேட்ட ஞாபகம் குறைவு. அந்த நிமிடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சித்தப்பா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கடைசி நெத்திலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் தீர்ப்பில் இருந்த பொய் எது என்று அங்கேதான் பிடிபட்டது. உழைக்கிறவன் வேகமாகத்தான் குடிப்பான் என்பது பொய். அதே தொண்டை, அதே பிராந்தி, அதே வலி உள்ள முதுகு. மாறியது இடம். உட்கார ஒரு இடம், முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர், தொட்டுக்கொள்ள நல்லதாக ஏதாவது, மதித்துப் பேச ஒரு ஆள். இவ்வளவும் கிடைத்ததும் எட்டு நிமிடம் எழுபது நிமிடமாகிவிட்டது. வேகமாகக் குடிக்கிறவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வரவேண்டிய இடத்தில் நிற்கிறவர்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தபடி குடிப்பவர்கள். கிளாஸுக்கு 850 ரூபாய் கொடுத்தால் யார்தான் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க மாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மெனுவைப் படித்தது நான். பில் வரும் வரைக்கும் சித்தப்பாவுக்கு விலை தெரியாது.

எழுபது நிமிடம் என்பதை நான் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு நைனாதான் காரணம். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிராம். ஒரு கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமாராகப் பத்து கிராமைத்தான் கழிக்கும். எட்டு நிமிடத்தில் உள்ளே போனதை அது ஆறு மணி நேரம் சுமக்க வேண்டும். அறுபது மில்லியில் இருப்பது இருபது கிராம், இரண்டு மணி நேர வேலை. மெதுவாகக் குடித்தால் உடம்பு கெடாது என்று நான் சொல்லவில்லை. இருபது கிராமும் நஞ்சுதான். ஆனால் தினம் அறுபது கிராமை மடக்கு மடக்காக ஊற்றிக்கொண்ட ஒருவரைப் பறிகொடுத்தவனுக்கு அறுபதுக்கும் இருபதுக்கும் நடுவே இருக்கிற தூரம் சாதாரணமாகத் தெரியாது.

நம் பக்கத்துத் தட்டுகள்

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் சின்னத் தட்டு என்பது எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய விஷயமே இல்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் எதிரே போட்ட அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகளில், அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டு, ஒரே வாயில் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். புளியந்தோப்பில் பீஃப் பக்கோடா, வியாசர்பாடியில் போட்டி வறுவல், காசிமேட்டில் இரும்புக் கல்லில் உங்கள் கண் முன்னால் வறுபடும் சங்கரா. எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா இறால் வடை போடுவார். பொரித்த கையோடு எலுமிச்சை பிழிந்து பேப்பரில் வைத்துக் கொடுப்பார். அன்றைக்கு அந்த ஓட்டலில் சாப்பிட்ட கடம்பா நன்றாகத்தான் இருந்தது. அந்த இறால் வடைக்குப் பக்கத்தில் நிற்காது.

சமைக்கிற கை இங்கே இருக்கிறது, ஐஸ் இங்கே இருக்கிறது, மீன் இங்கே இறங்குகிறது. உட்கார இடம் மட்டும் இங்கே இல்லை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக்கின் கைக்கு 2003-ல் சில்லறை விற்பனை முழுவதும் போனது. பாட்டில் விற்பது அரசு. பக்கத்து பார் என்பது ஏலம் எடுத்தவருக்குத் தின்பண்டம் விற்க உள்ள உரிமை. அவருக்கு நாற்காலியால் என்ன லாபம்? ஆள் சீக்கிரம் எழுந்து போனால்தான் அடுத்த ஆள் வருவான். அது தவிர மது ஊற்ற உரிமம் உள்ளவை பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களும் மனமகிழ் மன்றங்களும். இறால் வடை அக்கா ஆசைப்பட்டாலும், பத்துப் பேர் உட்கார ஒரு கடை போட்டு, அளந்து முப்பது மில்லி ஊற்றி, தண்ணீர் வைத்து, பத்து மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும்படி ஒரு இடம் நடத்த அவருக்கு வழியே கிடையாது. வடசென்னையில் இன்னும் நான்கு பார் வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. இருக்கிற இடங்களையாவது மனிதர் உட்காரும்படி ஆக்க வேண்டும். இதைக் கேட்பதற்குக்கூட எங்கள் பக்கத்தில் கூச்சப்படுகிறார்கள். குடிகாரனுக்கு எதற்கு நாற்காலி என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

பில்லை நான் மறைத்துப் பார்த்தேன். சித்தப்பா கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டார். மூவாயிரத்து நானூறு சொச்சம். அவருக்கு நான்கு நாள் கூலி. ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது பார்டெண்டர் பையனின் கையைப் பிடித்து, "தடைக்காலம் முடியட்டும், ஒரு நாள் கம்பெனிக்கு வா தம்பி, காட்டறேன்" என்றார். வாசலைத் தாண்டினதும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெட்ரோ வரை வெறுங்காலில் நடந்தார். தண்டையார்பேட்டையில் இறங்கியபோது மணி ஒன்பதரை. ஒயின் ஷாப் திறந்திருந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டி நடந்தோம். மறுநாள் வழக்கம்போல அவர் அங்கே போனார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்தி

சித்திக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் காலையே என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்க குடிச்சா மட்டும் அது பாலாடா? உங்க நைனா செத்தப்போ உனுக்குப் புத்தி வர்ல?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தப்பாவின் குடியால் நகை நட்டு, தூக்கம், அக்கம்பக்கத்தில் மரியாதை எல்லாவற்றையும் இழந்தவர் சித்தி. இடம்தான் காரணம் என்று நான் இங்கே எத்தனை பத்தி எழுதினாலும், அதை அவர் முகத்துக்கு நேராக நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மூவாயிரத்து நானூறு. அந்தக் காச என்கிட்ட குட்த்திருந்தா கேஸ் சிலிண்டர் வந்திருக்கும், ஸ்கூலுக்குப் பீஸு கட்டியிருப்பேன்" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தடை முடிந்து, ஜூன் 15 விடியும் முன்பே லாஞ்சுகள் கிளம்பின. ஐஸ் கம்பெனி ராத்திரி பகலாக ஓடியது. ஒரு வாரம் கழித்து சித்தப்பா தோளில் ஒரு கோணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். கோணியை விரித்தார். மரத்தூளுக்கு நடுவில் ஒரு அடி நீளத்துக்கு ஐஸ். குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவினார். அந்தப் பக்கம் இருந்த சித்தியின் புடவைப் பூ இந்தப் பக்கம் அப்படியே தெரிந்தது. பழைய காத்துக் குழாய் ஒன்று ஸ்டோரில் கிடந்ததாம். ஒரே ஒரு டப்பாவில் விட்டுப் பார்த்தாராம். கொக்கி முனையால் நாலு தட்டு. தெறிக்காமல் கட்டி கட்டியாகப் பிளந்தது. சித்தி நன்னாரி சர்பத் போட்டு, பேரப் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். சித்தப்பா தன் டம்ளரை வைத்துக்கொண்டு திண்ணையில் குந்தி, அந்தக் கடையில் ஐஸ் எப்படி வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் குளிக்கப் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சித்தி கேட்டார்.

"அந்த எடத்துல பொம்பளைங்க குந்துவாங்களா?"

"குந்துவாங்க சித்தி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ ஒரு தபா என்னியும் இட்டுனு போ. எனுக்கு ஒண்ணும் வாணாம், தண்ணி குட்த்தா போதும். கல்யாணம் ஆயி முப்பத்தாறு வர்ஷம் ஆவுது. இந்த ஆளு குடிச்சிட்டு வந்ததத்தான் பாத்திருக்கேன். குடிக்கறத ஒரு நாளும் பாத்ததில்ல."